ஈரக் கழிவு

முதல் மதிப்புரை
ஐப்பசி மழையில் நனைந்து வந்தது.
மினி பஸ் கண்டக்டர்
வர்க்கிப் பொட்டலத்தோடு சேர்த்து நீட்டினார்.
“ஆசிரியரின் பேய்கள்
படிவம் பூர்த்தி செய்து, கையொப்பமிட்டு,
முறையாக அனுமதி பெற்ற பிறகே
வீட்டுக்குள் நுழைகின்றன.”
சிரித்துவிட்டேன். நல்ல வாக்கியம்.
எழுதியவர் மா. இளம்பரிதி, விழுப்புரம்.
அன்று ராத்திரி சோற்றில் உப்பு இருந்ததா
என்று கேட்டால்
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோத்தகிரிக்குக் கீழே
ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் எடைக்காரன்.
பச்சை இலை மூட்டை தராசில் ஏறும்,
முள் ஆடி நிற்கும்,
மழைநாள் என்றால்
ஈரத்துக்கென்று பத்துக்கு ஒன்று கழித்து எழுதுவேன்.
அதற்காக என்னைத் திட்டாதவர்
இந்தச் சரிவில் ஒருவரும் இல்லை.
திட்டு பழகியதுதான்.
இருந்தாலும்,
படிவம் பூர்த்தி செய்தா!

போஜன் மூட்டையை இறக்கிவிட்டு
மஃப்ளரை அவிழ்த்தார்.
“பதினொரு கதையும் படிச்சாச்சு தம்பி.
பயம் ஒண்ணும் வரல.
நீ கரும்பலகைல எழுதிப் போட்டிருக்கியே
இந்த மாச இலை விலை,
அதப் பாத்தாத்தான் ஒடம்பு ஒதறுது.”
அவருக்கும்
நான்கு கிலோ கழித்தேன்.
பழிவாங்கல் இல்லை, இலை நிஜமாகவே சொட்டியது.

அப்புறம் ஒரு காலாண்டிதழ்.
ஐந்து பக்கம் பாராட்டு,
ஒரே ஒரு வரிக்காக:
‘நள்ளிரவில் எழுந்து அவள் கனவைத் திறந்தாள்.’
இந்த ஒரு வரி போதும்,
மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்றது.
நான் எழுதியது
கதவை.
த எழுந்து போன இடத்தில்
ன வந்து உட்கார்ந்திருக்கிறது.
அச்சகத்தில் யாரோ தூக்கக் கலக்கத்தில்
நான் பதினொரு கதையாகக் கூப்பிட்டும் வராததை
ஒரே எழுத்தில் கூட்டிவந்துவிட்டார்.
நன்றி என்று கார்டு எழுதிப் போட்டேன்.
பிழை என்று எழுதவில்லை.
நீங்களாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டீர்கள்.

மூன்றாவதை மதிப்புரை என்று சொல்லலாமா தெரியவில்லை.
நீலநிற இன்லண்ட் லெட்டர்,
தூத்துக்குடியிலிருந்து சகாயமேரி.
எழுத்து கோடு தாண்டிச் சரிந்திருந்தது.

“ஆறாவது கதையில் அந்தப் பையன்
கிணற்றுக்குள்ளிருந்து அம்மா என்று கூப்பிடுகிறான்.
அவள் ஏன் ஓடுகிறாள்?
உங்கள் கதையில் எல்லோருமே ஓடுகிறார்கள்.
என் மகன் போய் நாலு வருஷம்.
ராத்திரியில் தண்ணீர்த்தொட்டி மூடியைத் திறந்துவைத்து
பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
ஒரு சத்தமும் இல்லை.
பேய்க் கதை என்று அட்டையில் போட்டிருந்ததால்
எப்படி வருவார்கள் என்று பார்க்கத்தான் வாங்கினேன்.
நீங்கள் அதைச் சொல்லவில்லை.
பயமுறுத்தினால் பயமுறுத்தட்டும் சார்.
வந்தால் போதும்.”

பதில் எழுத உட்கார்ந்து ஒன்பது நாளாகிறது.
அன்புள்ள அம்மா என்பதைத் தாண்டவில்லை.
கடிதத்தை மடித்து
எடைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.
எடுக்கிறேன், வைக்கிறேன்.
இதில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது?

நேற்று ராத்திரி
ஜன்னல் வரைக்கும் மூடுபனி.
பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக்கையே காணோம்.
சமையற்கட்டுக் கதவில் ஏதோ உரசியது.
நின்றது.
மறுபடி, கொஞ்சம் கீழே,
ஒரு குழந்தையின் உயரத்தில்.

கரடியாகத்தான் இருக்கும்.
போன வாரம்தான்
கோயில் விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போனது.
எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் டின்
கதவை ஒட்டித்தான் இருக்கிறது.
கரடிதான்.

பதினொரு கதை எழுதியவன்
தாழ்ப்பாளை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு,
எண்ணெய் டின்னை
சத்தமில்லாமல் நகர்த்தி அண்டைகொடுத்து,
விளக்கை அணைக்காமல் படுத்தேன்.